என் காதுகுத்தும் ஒரு காத்தாடிச் சண்டையும்

நம் வயதுக்காரர்களுக்குக் காற்று என்றாலே இப்போது பயம். ஜன்னலைச் சாத்து, சளி பிடிக்கும், காதைச் சுற்றி எதையாவது கட்டிக்கொள் என்று பிள்ளைகள் விரட்டுகிறார்கள். நானும் நல்ல பிள்ளையாகச் சாத்திக்கொள்கிறேன். ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, மழை விட்டுத் தை பிறந்து அந்தக் காய்ந்த காற்று வீச ஆரம்பித்தால் எனக்குக் கை பரபரக்கும். யாராவது ஒரு நூல்கண்டைக் கொடுத்தால் இந்த முட்டிவலியோடு மொட்டைமாடிக்கு ஏறிவிடுவேன். சிரிக்காதீர்கள். காரணத்தைக் கேட்டால் நீங்களும் ஏறுவீர்கள்.

நான் சைகோனில் வளர்ந்தவள். அப்பா காரைக்காலிலிருந்து போய் அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தார். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சி போய், தெற்கு வியட்நாம் தனி நாடாகிவிட்ட பிறகும், அப்பாவின் ஆபீசில் வணக்கமும் வசவும் பிரெஞ்சிலேயே நடந்துகொண்டிருந்த காலம் அது. டோங் டு தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மாடிவீடு. அந்தத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் சத்தத்தைக் கேட்டுத்தான் அம்மா உலை வைப்பாள். கீழே மீன் சாறு, மேலே எங்கள் வீட்டுச் சாம்பார் என்று அந்தச் சந்துக்கு ஒரு தனி வாசனை உண்டு. இப்போது நினைத்தாலும் எனக்குப் பசிக்கிறது.

அந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், அதுவும் ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு இருந்ததோ ஒரே மாமா, அம்மாவின் தம்பி. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து எந்தெந்த நாட்டிலோ இருந்தார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று எல்லா வயதும் மாமா இல்லாமலே கழிந்தன. பள்ளியில் என்னோடு படித்த வியட்நாமியப் பெண்கள் காதில் குட்டிக் குட்டிப் பச்சைக்கல் தோடு போட்டிருப்பார்கள். எனக்குத் தலைமுடி வேறு குட்டை. அவர்கள் எனக்கு வைத்த பட்டப்பெயர் ‘பையன்’. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

பட்டாளத்தை விட்டு மாமா சைகோனுக்கே வந்து, ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் நாள் குறித்துவிட்டார்கள். தை மாதக் கடைசி வெள்ளி, சைகோனிலேயே இருந்த மாரியம்மன் கோயிலில். மாமா சிவப்புக்கல் தோடு வாங்கி வந்து காட்டினார். அதை நான் எத்தனை தரம் திறந்து பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள். பெட்டியின் கீலே தளர்ந்துபோயிற்று.

பொங்கலன்று வீடு நிறைய விருந்தாளிகள். இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் மாமா சாதாரணமாகச் சொன்னார், பிரான்சில் மார்செய் நகரத்தில் தனக்கு வேலை கிடைத்திருக்கிறது, மாசி பிறந்ததும் கப்பல் என்று. அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்பா சரி என்று மட்டும் சொன்னார். பாயசம் ஊற்றிய இலையிலேயே ரசம் கேட்டார்.

சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாரும் மொட்டைமாடிக்குக் காற்று வாங்கப் போனார்கள். நானும் தொற்றிக்கொண்டேன். அந்தப் பருவத்தில் சைகோன் வானத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு கூரைமேலிருந்தும் ஒரு காத்தாடி. மீன் மாதிரி, பிறை மாதிரி, வெறும் செய்தித்தாளில் செய்தது என்று விதவிதமாக நின்றன. இவ்வளவு நேரம் விழாமல் எப்படி நிற்கின்றன என்று நான்தான் கேட்டேன். வேறு எதையாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அப்பாவுக்குக் காரைக்கால் கடற்கரை ஞாபகம் வந்துவிட்டது. தான் சிறுவயதில் விட்ட காத்தாடிகளைப் பற்றி ஆரம்பித்து, காற்று அடியிலிருந்து தள்ளுகிறது, அதனால் ஏறுகிறது, அவ்வளவுதான் விஷயம் என்று முடித்தார். மாமா சிரித்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, நீளமாகக் கிழித்து, கீழுதட்டுக்கு அடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். தாள் தொங்கியது. அதன் மேல்பக்கமாக வேகமாக ஊதினார். தொங்கிய தாள் எழுந்து படபடவென்று நேராக நின்றது.

“பாத்தீங்களா அத்தான்? நான் அடியில ஊதல. மேலதான் ஊதினேன். மேல ஓடுற காத்துதான் தாளை இழுக்குது. ஆகாய விமானமும் இப்படித்தான் பறக்குது.”

விருந்தாளிகள் கை தட்டிவிட்டார்கள். அதுதான் வினையாகப் போயிற்று. வீட்டு மாப்பிள்ளையை, அவர் வீட்டு மாடியிலேயே, நாலு பேர் முன்னால் மச்சான் திருத்துவது என்பது நம் ஜனங்களிடத்தில் லேசுப்பட்ட காரியமா? அப்பா விடவில்லை. இழுக்கிறது என்றால் நூல் எதற்கு என்றார். நூல் இல்லாவிட்டால் அது காற்றோடு போய்விடும், பிறகு அதன்மேல் மோதுவதற்குக் காற்று ஏது என்றார் மாமா. மோதுகிறது என்று நீயே சொல்லிவிட்டாய், அதைத்தான் நான் தள்ளுகிறது என்கிறேன் என்று அப்பா பிடித்துக்கொண்டார். பேச்சு தடித்தது. எப்போதும் மாமாவை நீ, வா, போ என்று பேசுகிற அப்பா, திடீரென்று மரியாதைக்குத் தாவினார்.

“என் வீட்டு மாடியில நின்னு எனக்குப் பாடம் நடத்தாதீங்க.”

மாமாவின் முகம் கறுத்தது. விஞ்ஞானத்துக்கு அத்தானும் மச்சானும் கிடையாது என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். அம்மா நீட்டிய வெற்றிலையை வாங்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வெற்றிலை வாங்காமல் போனால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் காது அன்றைக்கு அந்தரத்தில் நின்றுவிட்டது. தாய்மாமனை மடிபோட்டு உட்காரச் சொல்லி வீட்டுக்காரர் வெற்றிலைத் தட்டோடு போய் அழைக்க வேண்டும். அப்பா, அவரே வரட்டும் என்றார். மாமா, அழைக்காமல் வரமாட்டேன் என்றார். இந்த வெள்ளியை விட்டால் அடுத்த ஒற்றைப்படை வயது பதினொன்று. அப்போது மாமா மார்செயில் இருப்பார். நானோ சாகும்வரை ‘பையன்’தான் என்று முடிவு கட்டிக்கொண்டு தோட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியாததால் மாமா சாயங்காலம் வந்து கூடத்தில் உட்காருவார். அப்பா எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, உன் மாமா காப்பி குடித்தாரா என்று கேள் என்பார். மாமா, குடித்தாயிற்று என்று உன் அப்பாவிடம் சொல் என்பார். நான் சொல்வேன். ஒருநாள் அம்மா அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள்.

“உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எம்பொண்ணு என்ன தபால்காரியா?”

அப்பா விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார், மாமா காலி டம்ளரை மறுபடி வாயில் வைத்தார். ஆனால் இருவரும் அவரவர் கட்சியை நிரூபிக்க இரகசியமாகக் காத்தாடி செய்துகொண்டிருந்தார்கள். அப்பா ஆபீசிலிருந்து சரக்கு கட்டும் பழுப்புத் தாளைக் கொண்டுவந்து, மூங்கில் பிளந்து, சோற்றுப் பசை காய்ச்சி, தன் பழைய வேட்டியைக் கிழித்து நீளமான வால் கட்டினார். மாமாவும் தன் அறையில் மெல்லிய வெள்ளைத் தாளில் ஒன்று செய்கிறார் என்று அம்மா மூலமாகத் தெரிந்தது. அதற்கு வால் கிடையாதாம். வால் வீண் சுமையாம்.

அந்தக் கடைசி வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவிடம், பிள்ளை ஏங்கிப்போகிறது, ஆற்றைத் தாண்டிக் கூட்டிப்போய்க் காத்தாடி விட்டுக் காட்டுங்கள் என்றாள். டான் சோன் நாட் விமான நிலையத்துப் பக்கம் வெட்டவெளி உண்டு, ஆனால் விமானங்கள் இறங்குவதால் அங்கே காத்தாடி விட்டால் சிப்பாய்கள் துரத்துவார்கள். அதனால் கூரை போதாமல் ஓடி விட நினைக்கிறவர்கள் எல்லாரும் படகில் ஏறி, அக்கரையில் தூ தியேம் பக்கத்து வெட்டவெளிக்குத்தான் போவார்கள். இதையே அம்மா முதல் நாள் மாமாவிடமும் சொல்லி வைத்திருந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

படகில் நான் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. சும்மா விளையாட்டுக்குக் கையை வெளியே நீட்டினேன். உள்ளங்கையைக் காற்றுக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தால் கை பின்னால் போயிற்று. தரையைப் பார்த்துத் தட்டையாகப் பிடித்தால் ஒன்றும் ஆகவில்லை, காற்று இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு ஓடிற்று. முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிச் சாய்த்தேன், அவ்வளவுதான், யாரோ அடியில் கை கொடுத்துத் தூக்குகிற மாதிரி என் கை தானாக மேலே போயிற்று. கத்திவிட்டேன். இறக்கி மறுபடி சாய்த்தேன். மறுபடி போயிற்று. கரை வந்து சேரும்வரை வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

வெட்டவெளியில் எருமைகள் மேய்ந்தன. வியட்நாமியப் பிள்ளைகள் கூட்டமாக நின்று ‘யோ, யோ’ என்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சில் காற்றுக்கு அதுதான் பெயர். அவர்களுக்கு அந்தப் பக்கம், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, வெள்ளைக் காத்தாடியோடு மாமா நின்றார். அப்பா திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு நூல்கண்டைப் பிரித்தார்.

காத்தாடியின் நெஞ்சுக் குச்சியில் மேலே ஒரு கயிறும் கீழே ஒரு கயிறும் கட்டி, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவார்களே, சூத்திரம், அதை இருவரும் எப்படிப் போட்டிருந்தார்கள் தெரியுமா? காற்று தள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. ஆகவே முடிச்சை மிகவும் கீழே இறக்கி, காத்தாடி கதவு மாதிரி காற்றை எதிர்த்து நிமிர்ந்து நிற்கும்படி கட்டியிருந்தார். காற்று மேல்பக்கமாக ஓட வேண்டும் என்பது மாமாவின் கட்சி. அவர் முடிச்சை உச்சிக்கு ஏற்றி, காத்தாடி காற்றில் படுத்துக்கொள்ளும்படி கட்டியிருந்தார்.

அப்பாவின் காத்தாடி நூலை வெறிபிடித்தாற்போல் இழுத்தது. அப்பா பின்னால் சாய்ந்து பிடித்தார். ஆனால் அது ஆள் உயரத்துக்குமேல் ஏறவில்லை. கனத்த பழுப்புத் தாள் வேறு. அப்படியே தடுமாறி, பின்பக்கமாக விழுந்து, எருமைக் குட்டையில் குச்சி முறிந்து படுத்துவிட்டது. மாமாவின் முகத்தில் சிரிப்பு வந்த அதே நேரத்தில் அவருடைய காத்தாடி படபடவென்று அடித்துக்கொண்டு, பம்பரம்போல் சுற்றி, தலைகுப்புற மண்ணில் குத்தியது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா மூன்று நான்கு முறை விட்டுப் பார்த்தார். எல்லா முறையும் அதே குத்துதான். அப்பா ஒரு பக்கம் திரும்பி நின்று சிகரெட் பற்றவைத்தார். மாமா எதிர்ப்பக்கம் திரும்பி நின்று பற்றவைத்தார்.

என் கண்ணில் படகில் நீட்டிய கைதான் நின்றது. நிமிர்ந்தும் இல்லை, படுத்தும் இல்லை, சாய்ந்து. நான் குட்டையில் இறங்கி அப்பாவின் காத்தாடியிலிருந்து வேட்டி வாலை அவிழ்த்தேன். அதை மாமாவின் வெள்ளைக் காத்தாடிக்குக் கட்டினேன். முடிச்சை உச்சியிலிருந்து கொஞ்சம் கீழே நகர்த்தினேன். பல்லால் இழுத்து இறுக்கியதில் நூலின் புழுதி வாயெல்லாம் அப்பிக்கொண்டது. பிள்ளைகளில் ஒருத்தியைச் சைகை காட்டி அழைத்து, காத்தாடியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, நூலோடு காற்றுக்கு எதிராக ஓடினேன்.

என்னவென்று சொல்வேன்! கையில் ஒரு வெட்டு வெட்டியது. திரும்பிப் பார்த்தால் அது என் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. நூலை விட்டால் ஏறியது. இழுத்துப் பிடித்தால் இன்னும் ஏறியது. வால் ஆடி ஆடி அதன் தலையை நேராக வைத்தது. ஆறு, கப்பல்கள், அக்கரைக் கூரைகள் எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் வெள்ளைக் காத்தாடி. எனக்குச் சந்தோஷத்தில் மூச்சு வரவில்லை. அந்த மாதிரிச் சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறந்தபோது ஒருதரம் வந்தது.

பெரிய காற்று ஒன்று வந்தது. நூல் என்னை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. நான் கத்தினேன். இரண்டு சிகரெட்டும் மண்ணில் விழுந்தன. அப்பா ஒரு பக்கமிருந்தும் மாமா ஒரு பக்கமிருந்தும் ஓடிவந்து என் தலைக்கு மேலாக நூலைப் பிடித்தார்கள்.

“விடாதீங்க அத்தான்.”

“நீ விடாதே மச்சான், கை அறுக்குது பாரு.”

பொங்கலுக்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. அப்பா நீ என்று சொல்லிவிட்டதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். என் காது அப்போதே பாதி குத்தியாகிவிட்டது.

மூவரும் நூலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். பிள்ளைகள் சுற்றி நின்று குதித்தார்கள். ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பார், எப்படித் தள்ளுகிறது என்று அப்பா ஆரம்பித்தார். மாமா, அது தள்ளல் இல்லை என்று தன் பக்கம் நூலை இழுத்துக் காட்டினார். அப்பா தன் பக்கம் இழுத்துக் காட்டினார். நூல் பட்டென்று அறுந்தது.

ஒரு கணம் எதுவும் ஆகவில்லை. பிறகு, நூலின் இழுப்பு போனதும், காத்தாடிக்கு இருந்த உயிரே போய்விட்டது. காற்றை எதிர்த்து நின்ற அதே பொருள் காற்றோடு சேர்ந்துகொண்டு, புரண்டு புரண்டு, வெறும் தாளாக ஆற்றில் இறங்கியது. தோணியில் போன ஒரு பெண் அதைத் துடுப்பால் எடுத்து, திருப்பிப் பார்த்து, கூரையில் செருகிக்கொண்டு போனாள். அப்பாவின் வேட்டி வால் தண்ணீரில் இழுபட்டுக்கொண்டே போயிற்று. அப்பா அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“போகத்தான் வேணுமா மச்சான்?” என்றார்.

அவர் காத்தாடியைச் சொல்கிறார் என்றுதான் நான் அன்று நினைத்தேன். இன்று எனக்குத் தெரிகிறது, பொங்கல் இலையில் ரசம் கேட்ட நிமிடத்திலிருந்து அந்தக் கேள்வி அவர் தொண்டையில் நின்றிருக்கிறது. அதைக் கேட்கத் தெரியாமல்தான் மனிதர் காற்றைப் பற்றிச் சண்டை போட்டிருக்கிறார். மாமா அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தார். படகில் மூவரும் ஒரே பலகையில் உட்கார்ந்தோம். மறுநாள் காலையில் அப்பா வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் சாம்பிராணிப் புகையில் கண் எரிந்தது. மாமாவிடம் வேட்டி கிடையாது என்பதால் அப்பா தன் பட்டு வேட்டியைக் கொடுத்திருந்தார். அதற்கு இடுப்புவார் வேறு கட்டிக்கொண்டு மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டார். பத்தர் ஊசியைத் துடைப்பதைப் பார்த்ததும் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். என்னைப் பார்க்க வைப்பதற்காக அப்பா எதிரில் குனிந்தார்.

“இங்க பாரு. காத்தாடி எப்படி ஏறுதுன்னு சொல்றேன். மேல ஓடுற காத்து இருக்கே, அதுதான் இழுக்குது.”

என் முதுகுக்குப் பின்னாலிருந்து மாமா மெதுவாகச் சொன்னார், “இல்ல அத்தான். நானும் யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொன்னதுதான் சரி. அடியிலதான் தள்ளுது.”

அப்பா நிமிர்ந்தார். நீதானே ஊதிக் காட்டினாய் என்றார். நீங்கள்தானே காரைக்கால் கதை சொன்னீர்கள் என்றார் மாமா. கட்சி மாறிக்கொண்டு இருவரும் என் தலைக்கு மேலே பழையபடி பிடித்துக்கொண்டார்கள். அம்மா, முதலில் பிள்ளைக்குக் குத்தி முடிக்கட்டும், பிறகு அடித்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் சிரித்த சிரிப்பில் வலது காதில் ஊசி போனதே தெரியவில்லை. இடது காதுக்குக் கோயிலே அதிரும்படி அலறினேன், அது வேறு.

பிற்பாடு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். காத்தாடி சாய்ந்து நின்று தன்மேல் வருகிற காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. காற்றைக் கீழே தள்ளுவதால் தான் மேலே போகிறது. அடிப்பக்கம் காற்றின் அழுத்தம் கூடுதல், மேல்பக்கம் குறைவு. நூல் பிடித்து நிறுத்துவதால்தான் காற்றுக்கு அதன்மேல் ஒரு பிடி கிடைக்கிறது. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியை வைத்துக்கொண்டு முழுசு என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

மாசியில் கப்பல் ஏறினார் மாமா. துறைமுகத்தில் நல்ல காற்று. கப்பல் கரையை விட்டு நகர்ந்தது. மாமா மேல்தட்டில் கம்பியோரமாக நின்றார். அப்பா திடீரென்று தண்ணீரின் விளிம்புக்கு ஓடினார். கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

“ரெண்டும்தான் மச்சான்! தள்ளவும் தள்ளுது, இழுக்கவும் இழுக்குது!”

காற்று எதிர்க்காற்று. மாமாவுக்குக் கேட்டிருக்காது. அவர் குனிந்து, என்ன என்கிற மாதிரி உள்ளங்கையைத் தன் காதில் வைத்துக் காட்டினார். என் காதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் முடியை இரண்டு கையாலும் ஒதுக்கிப் பிடித்து, கப்பல் வளைவில் மறையும்வரை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி என் சிவப்புக்கல் தோட்டைக் காட்டிக்கொண்டே நின்றேன்.